பட்டாளத்துக்காரர் வீட்டு நாயை யார் பார்ப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராணுவத்தின் கால்நடைப் பிரிவான ஆர்விசியில் நாய்ப் பயிற்சியாளராக 22 வருஷம் இருந்துவிட்டு, இப்போது காட்பாடிப் பக்கம் இருக்கிறேன். வேலூர் மாவட்டத்தில் பட்டாளத்துக்கு ஆள் போகாத தெரு குறைவு. கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். போஸ்டிங் ஆர்டர் வரும் சமயங்களில் எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே விஷயம்தான்: "அண்ணே, நாயை என்ன பண்றது?" அந்தக் கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதிப் பதில் சொல்லியிருக்கிறேன்.

அவருக்கு பீல்டு போஸ்டிங் வந்துடுச்சு. நாயையும் கூட்டிட்டுப் போக முடியாதா?

முடியாது. குடும்பத்தையே அழைத்துப் போக முடியாத இடம்தான் பீல்டு. பங்கரிலும் கூடாரத்திலும் ஆள் தூங்குவதற்கே இடம் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். லே நகரமே 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, எல்லைக் காவல் போஸ்ட்டுகள் அதற்கும் மேலே. வேலூர் வெயிலில் வளர்ந்த நாய் அங்கே என்ன செய்யும்?

"போஸ்ட்டில் நாய்கள் சுத்துதே, போட்டோவுல பார்த்தேனே" என்பார்கள். அவை அந்த மலையிலேயே பிறந்த நாய்கள். சமையல்கூடத்து மிச்சத்தைத் தின்று, யூனிட் மாறினால் அடுத்த யூனிட்டுக்கு வால் ஆட்டும். அவற்றோடு உங்கள் வீட்டு லேப்ரடாரை ஒப்பிடாதீர்கள்.

அப்போ குவார்ட்டர்ஸைக் காலி பண்ணிட்டு ஊருக்கே வந்துடணுமா?

கட்டாயம் இல்லை. கணவர் பீல்டுக்குப் போகும்போது குடும்பம் தங்குவதற்கென்றே எஸ்எஃப் குவார்ட்டர்ஸ் உண்டு. பிள்ளைகள் படிப்புக்காகப் பலர் அப்படித்தான் இருக்கிறார்கள். வரிசை நீளமாக இருக்கும், ஆர்டர் கையில் வந்த அன்றே விண்ணப்பம் போட்டுவிடுங்கள். நாய் வைத்துக்கொள்வது பற்றி ஒவ்வொரு ராணுவ ஸ்டேஷனிலும் ஒரு விதி. ஸ்டேஷன் ஹெட்குவார்ட்டர்ஸில் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டு மேடம் சொன்னார் என்பது பதில் ஆகாது.

நாயைப் பொறுத்தவரை இதுதான் முதல் தேர்வு. வீடும் மாறாது, நேரமும் மாறாது, ஒரு ஆள் மட்டும்தான் குறைவார். பெரிய கண்டோன்மெண்ட் என்றால் ராணுவ கால்நடை மருத்துவமனையிலேயே வீட்டு நாய்களையும் பார்ப்பது உண்டு.

ஊருக்கு வந்தே ஆகணும். மாமியார் வீடா, தம்பி வீடா, கென்னலா? எது நல்லது?

எந்த வீடு என்று பார்க்காதீர்கள். எந்த ஆள் என்று பாருங்கள். "வீட்டில் எல்லாரும் பார்த்துக்குவாங்க" என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள் என்று அர்த்தம். காலையில் எழுந்து தண்ணீர் மாற்றி வைப்பவர் இவர்தான் என்று ஒருவர் பெயரைச் சொல்ல முடிய வேண்டும். அந்த ஒருவர் எழுபது வயது மாமியாராக இருந்து, உங்கள் நாய் முப்பது கிலோ ராஜபாளையமாக இருந்தால், அன்பு எவ்வளவு இருந்தாலும் அது ஏற்பாடு இல்லை. சங்கிலியோடு சேர்த்து அந்த அம்மாவையும் இழுத்துக்கொண்டு போகும். இடுப்பு எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் படுத்தவரை நானே போய்ப் பார்த்திருக்கிறேன்.

ஆளைப் பார்த்த பிறகு நான் கேட்கும் கேள்விகள் இவை. அந்த வீட்டில் ஏற்கெனவே நாய் இருக்கிறதா, அதற்கு ஊசி போட்டிருக்கிறதா? கேட் தாழ்ப்பாள் சரியாக விழுமா? வீட்டுக்குள்ளேயே படுத்துப் பழகிய நாயைத் தென்னை மரத்தில் கட்டிவிடுவார்களா? அடுத்த வருஷம் அந்த வீட்டில் கல்யாணமோ பிரசவமோ இருக்கிறதா? கடைசிக் கேள்வியை யாரும் யோசிப்பதில்லை. ஆனால் ஒத்துக்கொண்ட ஏற்பாடு பாதியில் உடைவது பெரும்பாலும் அங்கேதான்.

காசு வாங்கிக்கொண்டு நாயை வைத்துக்கொள்ளும் கென்னல் ஒரு வாரம், பத்து நாளுக்குச் சரி. இரண்டு வருஷ பீல்டுக்கு அது தீர்வே இல்லை. கூண்டில் நாள் முழுக்க இருக்கும் நாய்க்கு உடம்பு தேறினாலும் புத்தி தேறாது. நான் கூண்டு நாய்களோடேயே வேலை பார்த்தவன். எங்கள் நாய்களுக்குத் தினமும் வேலை இருந்தது, ஒவ்வொன்றுக்கும் தனி ஆள் இருந்தார். கென்னலில் விட்ட வீட்டு நாய்க்கு அந்த இரண்டும் கிடையாது.

எத்தனை நாளைக்கு முன்னாடி ஆரம்பிக்கணும்?

ஆர்டர் வருவதற்கு முன்னாலேயே. பட்டாளத்தில் போஸ்டிங் வரும் என்பது தெரிந்த விஷயம், தேதிதான் தெரியாது. நாய் வாங்கும் அன்றே "பீல்டு வந்தால் யார்?" என்ற கேள்விக்குப் பெயர் இருக்க வேண்டும்.

ஒத்துக்கொண்டவர் வீட்டில் முதலில் ஒரு இரவு விடுங்கள். அப்புறம் மூன்று நாள், அப்புறம் ஒரு வாரம். நீங்கள் ஊரில் இருக்கும்போதே இதைச் செய்தால், இரவு முழுக்க ஊளையிடுகிறதா, அந்த வீட்டுக் கோழியைத் துரத்துகிறதா என்பதெல்லாம் தெரிந்துவிடும். ரயில் ஏறிய பிறகு தெரிந்து என்ன பயன்? விடும்போது புதுப் படுக்கை வாங்கிக் கொடுக்காதீர்கள். அவர் போட்டுப் பழசான ஒரு பனியனையும், துவைக்காத பழைய பெட்ஷீட்டையும் கொடுங்கள். உங்கள் வாசனை அதில்தான் இருக்கிறது.

சொந்தக்காரங்ககிட்ட காசு கொடுத்தா தப்பா நினைப்பாங்களே?

கொடுக்காவிட்டால்தான் தப்பாக நினைப்பார்கள், ஆறு மாதம் கழித்து. முதல் மாதம் "நமக்குள்ள என்ன காசு" என்பார்கள். இருபது கிலோ நாய் ஒரு நாளைக்குச் சுமார் 300 கிராம் உலர் தீவனம் தின்னும், மாதத்துக்கு 9 கிலோ. அந்த மூட்டையை நாலாவது முறை கடையிலிருந்து தூக்கி வரும்போது மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிடும்.

ஆகவே இரண்டாகப் பிரியுங்கள். தீவனம், உண்ணி மருந்து, பூச்சி மாத்திரைக்கு மாதாமாதம் ஒரு தொகை. சம்பளம் வரும் தேதியில் அது தானாகப் போகும்படி வங்கியில் சொல்லி வைத்துவிடுங்கள், ஏனென்றால் சிக்னல் இல்லாத போஸ்ட்டில் இருந்து அவரால் அனுப்ப முடியாது. இது தவிர மருத்துவச் செலவுக்கு ஒரு தொகையை முன்பணமாக அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுங்கள். ராத்திரி பதினோரு மணிக்கு நாய் வலிப்பு வந்து விழுந்தால், உங்களிடம் கேட்டுவிட்டுச் செலவு செய்யலாம் என்று யாரும் காத்திருக்கக் கூடாது.

என்னென்ன பேப்பர் கொடுத்து விடணும்?

தடுப்பூசி அட்டை முதலாவது. வெறிநோய் ஊசி மூன்று மாதக் குட்டியில் தொடங்கி வருஷா வருஷம் போட வேண்டும். அடுத்த ஊசித் தேதியைச் சிவப்பு மையில் எழுதுங்கள். செப்டம்பர் 28, உலக வெறிநோய் தினத்தை ஒட்டி அரசு கால்நடை மருத்துவமனைகளில் இலவசமாகவே போடுகிறார்கள். சென்னையில் விடுவதாக இருந்தால் மாநகராட்சி உரிமம் கட்டாயம், 2025 முதல் தோலுக்கடியில் வைக்கும் மைக்ரோசிப்பும் சேர்ந்துவிட்டது. சிப்பின் 15 இலக்க எண்ணை அட்டையில் ஒட்டி வையுங்கள். எந்த ஊரில் இருந்தாலும் சிப் போடுவது நல்லது என்பது என் கருத்து. கழுத்துப்பட்டை கழன்று விழும், சிப் விழாது.

இரண்டாவது, நீங்கள் கையெழுத்துப் போட்ட ஒரு கடிதம். நாயின் பெயர், வயது, அடையாளம், பார்த்துக்கொள்பவர் பெயர், எந்தச் சிகிச்சைக்கும் அவரே ஒப்புதல் தரலாம் என்ற ஒரு வரி. இதோடு கஷ்டமான இன்னொரு வரியும் வேண்டும்: பிழைக்காது என்று டாக்டர் சொல்லி, உங்களைத் தொடர்புகொள்ள முடியாமல் போனால், வலியில்லாமல் முடித்துவைக்கும் முடிவை அவர் எடுக்கலாமா, கூடாதா? இதை எழுதச் சொன்னால் எல்லாரும் முகம் சுளிக்கிறார்கள். எழுதாமல் போனால் அந்தப் பாரம் முழுக்க நாயைப் பார்த்துக்கொண்ட மனுஷன் தலையில் விழும், அப்புறம் ஆயுசுக்கும் அந்தப் பேச்சு இருக்கும்.

ஜம்முல வாங்கின நாய். ஊருக்கு எப்படிக் கொண்டு வர்றது?

ரயிலில் இரண்டு வழி. பர்ஸ்ட் ஏசியில் இரண்டு பேர் கூபேயோ நாலு பேர் கேபினோ முழுவதும் உங்கள் பெயரில் இருந்தால் நாய் உங்களோடேயே வரலாம், அதற்கு லக்கேஜ் கட்டணம் தனியாகக் கட்ட வேண்டும். செகண்ட் ஏசி, தேர்ட் ஏசி, ஸ்லீப்பர் எதிலும் அனுமதி இல்லை. மடியில் துண்டு போட்டு மறைத்து வரும் கதையெல்லாம் வேண்டாம், பிடித்தால் அபராதம். ஜவானுக்குக் கிடைக்கும் ரயில் பயண வாரண்டில் பர்ஸ்ட் ஏசி வராது, சொந்தக் காசுதான் போகும்.

இன்னொரு வழி, கார்டு பெட்டியான பிரேக் வேனில் உள்ள நாய்ப்பெட்டி. பார்சல் ஆபீசில் பதிவு செய்து, ஊசிச் சான்றும் டாக்டரின் உடல்தகுதிச் சான்றும் காட்ட வேண்டும். தண்ணீரும் சாப்பாடும் உங்கள் பொறுப்பு, பெரிய ஸ்டேஷனில் நிற்கும்போது ஓடிப்போய்க் கொடுக்க வேண்டும். ஜம்முவிலிருந்து காட்பாடிக்கு இரண்டு நாளுக்கு மேல் ஆகும். மே, ஜூனில் நாக்பூர், பல்லார்ஷா வழியாக அந்தப் பெட்டியில் நாயை அனுப்புவதற்கு நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை என்றால் யோசிக்கலாம்.

விமானத்தில் ஏர் இந்தியா ஏற்றுகிறது, ஆகாசா ஏர் 2022 நவம்பரிலிருந்து ஏற்றுகிறது, இண்டிகோ வீட்டு நாய்களை ஏற்றுவதில்லை. எடை வரம்பு மாறிக்கொண்டே இருப்பதால் டிக்கெட் போடும் முன் போன் செய்து கேளுங்கள். பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு மூச்சுத் திணறும், சரக்கு அறையில் அனுப்பாதீர்கள்.

அவர் லீவில் வரும்போது மலையிலிருந்து புசுபுசுன்னு ஒரு குட்டி கொண்டு வர்றேன்னு சொல்றார். சரியா?

தப்பு. அந்த ரோமம் பனிக்காக வளர்ந்தது. இங்கே மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும். ஏசி போட்டு வளர்ப்பேன் என்று சொல்பவரும் லீவு முடிந்து போய்விடுவார், கரண்ட் பில் கட்டுவது நீங்கள். நாய்தான் வேண்டும் என்றால் சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று நம் வெயிலுக்கே பிறந்தவை இருக்கின்றன. ஓட இடம் மட்டும் கொடுக்க வேண்டும்.

அவர் போனதிலிருந்து நாய் மூணு நாளா சரியா சாப்பிடலை. ஏக்கமா, நோயா?

ஏக்கமாக இருந்தால் முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுங்கும், ஆனால் பிடித்த பண்டத்தைக் காட்டினால் வாங்கிக்கொள்ளும், தண்ணீர் குடிக்கும், வாசலைப் பார்த்துப் படுத்துக் கிடக்கும். நடைக்குக் கூப்பிட்டால் எழுந்து வரும். பெரும்பாலும் ஒரு வாரத்தில் வழிக்கு வந்துவிடும். சாப்பாடு, நடை, தூக்கம் மூன்றையும் பழைய நேரத்திலேயே வையுங்கள். கெஞ்சிக் கெஞ்சி ஊட்டினால், சாப்பிடாமல் இருந்தால் கவனிப்பார்கள் என்று கற்றுக்கொள்ளும்.

ஆனால் நம் பக்கத்தில் "ஏக்கம்" என்று சொல்லியே கொல்லும் ஒன்று உண்டு, உண்ணிக் காய்ச்சல். காய்ச்சல், சோர்வு, சாப்பிடாமை என்று பார்ப்பதற்கு ஏக்கம் மாதிரியே இருக்கும். உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இல்லாமல் வெளுத்திருந்தாலோ, மூக்கில் ரத்தம் வந்தாலோ, சிறுநீர் காப்பி நிறத்தில் போனாலோ அன்றே டாக்டரிடம் போய் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். உண்ணி ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை என்பது ஆதாரம் அல்ல, கடித்த உண்ணி எப்போதோ விழுந்திருக்கும். நேரத்தில் பிடித்தால் மருந்திலேயே குணமாகும். பத்து நாள் "அப்பாவைத் தேடுது" என்று காத்திருந்து, கடைசியில் என்னைக் கூப்பிட்ட வீடுகள் இரண்டு. இரண்டு நாயும் பிழைக்கவில்லை.

பெரிய சிகிச்சை என்றால் சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய ஊர்களில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளுக்குப் போகலாம்.

எங்க அம்மா நாங்க சாப்பிடுறதையே நாய்க்கும் போடுறாங்க. பரவாயில்லையா?

சாதம், வேகவைத்த கோழி, முட்டை, கொஞ்சம் தயிர் எல்லாம் சரி. வெங்காயம் போட்ட குழம்பு, திராட்சை, சாக்லேட் கூடாது. வேகவைத்த கோழி எலும்பு ஊசி மாதிரி உடைந்து குடலைக் குத்தும். காய்ச்சல் என்று நம் பாராசிட்டமால் மாத்திரையைக் கொடுக்கக் கூடாது, பூனைக்கு அது விஷமே. இந்த நாலு வரியை எழுதி அடுப்படியில் ஒட்டிவிடுங்கள். அம்மாவோடு வாக்குவாதம் வேண்டாம்.

பூனைக்கும் இதே மாதிரிதானா?

இல்லை, கிட்டத்தட்ட தலைகீழ். நாய்க்கு ஆள் முக்கியம், பூனைக்கு இடம் முக்கியம். வேறு வீட்டில் விட்டால் பழைய வீட்டைத் தேடிக் கிளம்பிவிடும். முடிந்தால் அதே வீட்டில் விட்டு, தினமும் இரண்டு வேளை ஒருவர் வந்து பார்க்கட்டும். இடம் மாற்றியே ஆக வேண்டும் என்றால் முதல் இரண்டு மூன்று வாரம் ஒரே அறையில் அடைத்துப் பழக்குங்கள். பூனை இரண்டு நாளுக்கு மேல் எதுவுமே சாப்பிடவில்லை என்றால் காத்திருக்காதீர்கள், ஈரல் கெட்டுவிடும். குண்டுப் பூனைக்கு இன்னும் ஆபத்து.

வீட்டில் ஒரு பச்சைக்கிளியும் இருக்கு. அதை யார்கிட்ட விடலாம்?

அதை நீங்களே வைத்திருக்கக் கூடாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பச்சைக்கிளியும் நட்சத்திர ஆமையும் வருகின்றன. அடுத்தவரிடம் கொடுத்தால் மாட்டிக்கொள்வது அவரும் சேர்ந்துதான். வனத்துறையிடம் ஒப்படைத்துவிடுங்கள். இறக்கை வெட்டிய கிளியை மொட்டை மாடியில் பறக்கவிட்டால் காக்கை கொத்தியே கொன்றுவிடும்.

மீன் தொட்டியை யாருக்காவது கொடுத்துவிடுங்கள். எருது விடும் விழாவுக்கு வளர்க்கும் காளையைப் பற்றியும் கேட்கிறார்கள். அதற்கு ஊரில் என்னைவிட விவரமானவர்கள் நிறைய, நான் தலையிடுவதில்லை.

எங்களுது பெட்டை நாய். ஏதாவது தனியா யோசிக்கணுமா?

கருத்தடை ஆபரேஷனை அவர் ஊரில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் வருஷத்துக்கு இரண்டு முறை தெரு நாய்கள் எல்லாம் அந்த வீட்டு வாசலில் நிற்கும். தாழ்ப்பாள் ஒரு நாள் விழாமல் போனால் 63 நாளில் ஆறு குட்டி. நம்மை நம்பிப் பொறுப்பெடுத்தவருக்கு நாம் கொடுக்கும் பரிசா அது? தவிர, ஆபரேஷன் செய்யாத பெட்டைக்கு வயதானால் கர்ப்பப்பையில் சீழ் பிடிக்கும், அது உயிரை எடுக்கும் நோய்.

அவங்ககிட்ட இருக்கும்போது நாய் யாரையாவது கடிச்சா கேஸ் யார் மேல வரும்?

பாரதிய நியாய சன்ஹிதா 291ஆவது பிரிவு, விலங்கு யார் வசம் இருக்கிறதோ அவருடைய அலட்சியத்தைத்தான் பேசுகிறது. ஆறு மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதாவது உங்கள் நாய்க்காக உங்கள் தம்பி போலீஸ் ஸ்டேஷனுக்குப் போக வேண்டியிருக்கும். கடிக்கும் பழக்கம் இருந்தால் அதை மறைத்துக் கொடுக்காதீர்கள். "தட்டுல கை வச்சா மட்டும் கடிக்கும்" என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கடிபட்டவருக்கு உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். நாய்க்கு ஊசி போட்டிருக்கிறதே என்று விட்டுவிடக் கூடாது.

அமெரிக்காவில் இதுக்குன்னே அமைப்பு இருக்காமே?

இருக்கிறது. டாக்ஸ் ஆன் டிப்ளாய்மெண்ட் என்று ஒரு ராணுவத் தம்பதி 2011இல் தொடங்கியது, சிப்பாய்களின் நாய்களை வைத்துக்கொள்ள முன்வருபவர்களோடு சேர்த்துவிடுகிறது. 2024இலிருந்து அங்கே இடமாற்றத்தின்போது ஒரு நாய் அல்லது பூனையைக் கொண்டுபோகும் செலவையும் ஒரு வரம்பு வரை அரசே கொடுக்கிறது. நாம் காப்பியடிக்க வேண்டியது அவர்களுடைய ஒப்பந்தப் பழக்கத்தை. யார் என்ன செலவு, எந்த டாக்டர், எப்போது திருப்பிக் கொடுப்பது என்று எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். நமக்கு அந்த முன்வருபவர் பெரும்பாலும் அதே யூனிட்டில் பென்ஷன் வாங்கிய ஒருவர்தான். ஊர் முன்னாள் படைவீரர் சங்கத்தில் ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள், தோட்டமும் நேரமும் உள்ள சுபேதார்கள் அங்கே நிறைய.

யாருமே ஒத்துக்கலை. என்ன பண்றது?

நிரந்தரமாக நல்ல வீடு பார்த்துக் கொடுத்துவிடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. அவிழ்த்துவிட்டு ரயில் ஏறுவதுதான் வெட்கம், 1960 மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட. வீட்டு நாய்க்குத் தெருவில் பிழைக்கத் தெரியாது, முதல் நாளே அந்தத் தெரு நாய்கள் குதறிவிடும்.

ரெண்டு வருஷம் ஆச்சு. இப்போ திருப்பித் தர மாட்டேங்கிறாங்க, நாயும் எங்ககிட்ட வரமாட்டேங்குது.

கடிதம் எழுதி வாங்கியிருந்தால் சட்டப்படி நாய் உங்களுடையது. ஆனால் என்னிடம் கேட்டால் முதலில் ஒரு வாரம் தினமும் போய் அந்த வீட்டில் உட்காருங்கள் என்பேன். வாசனையை நாய் மறந்திருக்காது. நாலாவது நாள் உங்கள் பின்னால் கேட் வரை வந்தால் அழைத்து வாருங்கள். எட்டு வயதுக்கு மேல் ஆன நாய், அந்த வீட்டுப் பையன் பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரத்துக்கு எழுந்து நிற்கிறது என்றால், அங்கேயே விட்டுவிடுங்கள். அடுத்த பீல்டுக்கு மறுபடியும் பிரிக்கத்தானே போகிறீர்கள்.

அவருக்கு ஏதாவது ஆயிட்டா?

இதை ஒருவர்தான் கேட்டார், அதுவும் மெசேஜில். பேப்பர் பற்றிய பதிலில் சொன்ன கடிதத்தில் மூன்றாவதாக ஒரு வரி சேருங்கள்: நான் திரும்பாவிட்டால் நாய் இன்னாரிடம் இருக்கட்டும். அவர் கையாலேயே எழுதட்டும். ஒரு நகல் பார்த்துக்கொள்பவரிடம், ஒன்று உங்களிடம்.

அந்த நாட்களில் வீடு நிறைய ஆட்கள் இருப்பார்கள், கேட் திறந்தே கிடக்கும், நாய்க்குத் தண்ணீர் வைக்க யாருக்கும் நினைவு இருக்காது. அன்று வந்து நாயைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போக பக்கத்துத் தெருவில் ஒருவரிடம் இப்போதே சொல்லி வையுங்கள். காரணம் சொல்ல வேண்டாம், சாவியை மட்டும் கொடுத்து வைத்தால் போதும்.